மணலிடை வாழும் நுண்விலங்குகள்: கொல்லிமலை முதல் கடலடி வரை

தமிழில் எண்ணிச் சொல்ல இயலாத பெருக்கத்தைக் குறிக்க வழங்கும் உவமைகளுள் மணல் முதன்மையானது. ஆற்று மணலின் எண்ணிக்கையினும் மிகுந்த ஆண்டுகள் வாழ்க என்று மன்னரை வாழ்த்துவது சங்கப் புலவர்களின் மரபு. ஆயின் அம்மணலைப் பற்றி நாம் கொண்டுள்ள எண்ணம் ஒன்றே. அஃது உயிரற்றது, மிதிக்கவும் அள்ளவும் வீடு கட்டவும் பயன்படும் வெறும் துகள் என்பதே அவ்வெண்ணம். சென்ற நூறாண்டுக் கால விலங்கியல் ஆய்வு இவ்வெண்ணத்தை மாற்றியிருக்கிறது. ஒரு மணலுக்கும் அடுத்த மணலுக்கும் இடைப்பட்ட ஈரத்தில், கண்ணுக்குப் புலனாகா விலங்குகள் பிறந்து, இரை தேடி, இணைந்து, முட்டையிட்டு, மடிகின்றன. அவ்வுயிர்களை அறிமுகப்படுத்துவதும், அவற்றின்பால் தமிழ் கற்போர்க்கு உள்ள கடமையைச் சுட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மலையில் பிறக்கும் மணல்

கடற்கரை மணலைப் பற்றிப் பேச முற்படுவோர் மலையிலிருந்து தொடங்குதல் வேண்டும். ஏனெனில் நம் கரைகளின் மணலில் பெரும்பகுதி மலையில் பிறந்ததே. நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலையை எடுத்துக்கொள்வோம். வல்வில் ஓரி ஆண்ட மலை. கொல்லிப் பாவையால் இலக்கியத்தில் நிலைபெற்ற மலை. கடல் மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 1,000 முதல் 1,300 மீட்டர் வரை உயர்ந்து நிற்கும் இம்மலை, சார்னோக்கைட், நைஸ் எனப்படும் மிகத் தொன்மையான பாறைகளால் ஆனது. வெயிலும் மழையும் வேர்களும் பாறையை நாளும் பிளக்கின்றன. அதன் மென்மையான கனிமங்கள் வேதி மாற்றமுற்றுக் களிமண்ணாகின்றன. எளிதில் கரையாத குவார்ட்சு மட்டும் மணியாகப் பிரிந்து எஞ்சுகிறது. அதுவே மணல்.

அறப்பளீசுவரர் கோயிலுக்கு அருகே ஆகாய கங்கை அருவியாக வீழும் அய்யாறு, அம்மணலை உருட்டிக்கொண்டு புளியஞ்சோலை வழியாகச் சமவெளிக்கு இறங்கிக் காவிரியில் கலக்கிறது. காவிரி அதனைத் தன் பிற மலைகளின் மணலோடு சேர்த்துச் சுமந்து, வெள்ளம் பெருகிய காலங்களில் கடல் வரை கொண்டு சேர்க்கிறது. கடலில் சேர்ந்த மணலை அலைகளும் கரையோர நீரோட்டமும் நெடுந்தொலைவு பரப்புகின்றன. நம் ஐந்திணை மரபின் சொற்களில் கூறுவதாயின், மணல் குறிஞ்சியில் பிறந்து, மருதத்தில் நடந்து, நெய்தலில் குடியேறுகிறது. இந்நெடும்பயணத்தின் ஒவ்வொரு கட்டத்திலும் அஃது உயிர்களுக்கு வீடாகிறது என்பதே நாம் காணப்போகும் செய்தி.

மணலிடை வீடு

ஒரு கண்ணாடிக் குவளை நிறைய உலர்ந்த மணலை எடுத்துக்கொண்டு, அதில் மெல்ல நீர் ஊற்றிப் பார்க்கலாம். குவளை ‘நிறைந்திருந்தும்’ அதன் கொள்ளளவில் மூன்றில் ஒரு பங்கு அளவிற்கோ அதற்குச் சற்று மிகுதியாகவோ நீர் உள்ளே செல்லும். மணல்மணிகள் எவ்வளவு நெருங்கினும் அவற்றிடையே வெற்றிடம் எஞ்சுகிறது என்பதை இவ்வெளிய சோதனை காட்டும். மணிகள் சற்றுப் பருமனாக இருப்பின் இடுக்குகள் அகலமாகி நீரும் உயிர்வளியும் தடையின்றிச் செல்லும். மணிகள் மிக நுண்ணியவாகி, வண்டலும் கலந்துவிட்டால் இடுக்குகள் அடைபடும். அங்கே மேற்பரப்பிற்குச் சற்றுக் கீழேயே உயிர்வளி அற்றுப்போய், மணல் கறுத்து, அழுகிய முட்டையின் நாற்றம் வீசும்.

அலை ஏறும்போது நீர் மணலுக்குள் புகுகிறது, இறங்கும்போது வடிகிறது. இவ்வாறு கரை ஓயாமல் நீரை உள்வாங்கி வெளியிடுகிறது. அந்நீரோடு உணவுத் துகளும் உயிர்வளியும் உட்செல்கின்றன. மணல்மணிகளின் மேல் பாக்டீரியாக்கள் படர்கின்றன. ஒளி படும் இடங்களில் டயாட்டம் என்னும் ஒற்றைச் செல் பாசிகள் ஒட்டி வளர்கின்றன. உணவும் நீரும் காற்றும் அமைந்த இவ்விடுக்குகளில் விலங்குகள் குடியேறியதில் வியப்பில்லை. அவை அங்கே இருப்பதை அறிய மாந்தர்க்கு இத்தனை காலம் ஆயிற்று என்பதே வியப்பு.

பெயரும் அளவும்

செருமனியின் கீல் நகரில் பணியாற்றிய அடால்ஃப் ரெமானே என்னும் விலங்கியலறிஞர், 1920-களிலும் 1930-களிலும் கடல் மணலின் இடுக்குகளில் வாழும் உயிர்களை முறைப்பட ஆராய்ந்து, அவை தனியொரு சமுதாயம் என்பதை நிலைநாட்டினார். இங்கிலாந்தின் பிளிமத் கடற்பகுதிச் சேற்றை ஆராய்ந்த மோலி மேர் என்னும் அம்மையார், 1942-இல் இவ்வளவினவாகிய கடலடி உயிர்களுக்கு ‘மெயோபெந்தாஸ்’ எனப் பெயரிட்டார். ‘மெயோ’ என்னும் கிரேக்கச் சொல்லுக்குச் சிறியது என்பது பொருள். இவற்றையே ‘மெயோஃபானா’ என்றும் வழங்குவர்.

இவற்றின் இலக்கணம் சல்லடையால் அமைந்தது. ஒரு மில்லிமீட்டர் அல்லது அரை மில்லிமீட்டர் கண்ணுடைய சல்லடையில் நழுவிக் கீழே இறங்கி, ஏறத்தாழ 0.06 மில்லிமீட்டர் கண்ணுடைய சல்லடையில் தங்கிவிடும் விலங்குகள் யாவும் இவ்வகையின. இவற்றை ‘நுண்ணுயிர்’ என்று கூறுதல் பொருந்தாது. தமிழில் அச்சொல் பாக்டீரியா முதலியவற்றுக்கு உரியதாகிவிட்டது. இவையோ வாயும் குடலும் தசையும் நரம்பும் இனப்பெருக்க உறுப்பும் உடைய முழுமையான விலங்குகள். ஆதலின் ‘மணலிடை நுண்விலங்குகள்’ என்னும் பெயரை இக்கட்டுரை ஆள்கிறது.

எண்ணிக்கையோ மலைக்க வைப்பது. வளமான கடற்கரையில் ஒரு சதுர மீட்டர் பரப்பிற்குக் கீழே பத்து இலட்சம் நுண்விலங்குகள் வாழ்வது அரிதன்று. கடற்கரையில் நாம் ஓரடி எடுத்து வைக்குமிடத்தில் ஒரு பெரிய ஊரின் மக்கள்தொகை அடங்கியிருக்கிறது.

குடிகள் யாவர்?

விலங்குலகம் முப்பதிற்கும் மேற்பட்ட பெருந்தொகுதிகளாகப் பகுக்கப்படுகிறது. அவற்றுள் இருபதிற்கும் மேற்பட்டவற்றின் உறவினர் இம்மணலிடை உலகில் உள்ளனர். காட்டிலும் வயலிலும் தேடினால் இத்தனை தொகுதிகள் கிட்டா.

எண்ணிக்கையில் முதலிடம் பெறுபவை உருளைப்புழுக்கள். இருமுனையும் கூர்மையாகி, நூல் துண்டு போல நெளிபவை. அடுத்து நிற்பவை துடுப்புக்காலிகள். இறால், நண்டு ஆகியவற்றின் மிகச் சிறிய உறவினர். தட்டைப்புழுக்கள், வளைதசைப்புழுக்கள், கடற்சிலந்திப்பேன்கள் ஆகியனவும் உள. உடலின் அடிப்பக்கத்து நுண்மயிர்களால் வழுக்கிச் செல்லும் காஸ்ட்ரோட்ரிக்குகளும் உள. எட்டுக் கால்களோடு கரடி போல அசைந்து நடக்கும் நீர்க்கரடிகளும் உண்டு.

நீர்க்கரடியைப் பற்றி ஒரு சொல் கூறல் தகும். 1773-இல் கோட்சே என்னும் செருமானியப் பாதிரியார் இதனை முதலில் விவரித்தார். கொல்லிமலை போன்ற ஈரமலைகளின் பாறைகளிலும் மரங்களிலும் படரும் பாசிக் கூட்டங்கள், இவ்விலங்கின் நிலவாழ் இனங்களுக்கு உகந்த இருப்பிடம். பாசி காயும்போது அவை உடலைச் சுருக்கி, நீரை இழந்து, உயிர்ச் செயலை ஏறத்தாழ நிறுத்திவிடும்; மழை பெய்தால் மீண்டும் நடக்கும். 2007-இல் விண்கலத்தில் ஏற்றி வெட்டவெளியில் வைக்கப்பட்டு மீண்டவற்றுள் உயிர்பிழைத்தவை இத்தகைய நிலவாழ் இனங்களே. இவற்றின் கடல்வாழ் உறவினரான ‘பாட்டிலிப்பெஸ்’ கடற்கரை மணலில் வாழ்வது. அதன் விரல் நுனிகள் சிறு துடுப்புப் போலத் தட்டையாகி, மணலைப் பற்றிக்கொள்ள உதவுகின்றன. மலைப்பாசியிலும் கடல் மணலிலும் ஒரே குலத்தார் வாழ்வது எண்ணத்தக்கது.

இம்மணலிடை உலகம் அறிவியலுக்குப் புதிய தொகுதிகளையே ஈந்துள்ளது. 1956-இல் பீட்டர் ஆக்ஸ் என்பவர் விவரித்த தாடைப்புழுக்கள் பின்னர்த் தனித் தொகுதியாக ஏற்கப்பட்டன. 1983-இல் டென்மார்க்கு நாட்டு அறிஞர் கிறிஸ்டென்சன், பிரான்சின் ராஸ்காஃப் கடற்பகுதியில் கிடைத்த விலங்கைக் கொண்டு ‘லோரிசிஃபெரா’ என்னும் புதுத் தொகுதியை நிறுவினார். ஒரு தொகுதி என்பது முதுகெலும்புள்ளவை யாவற்றையும், அதாவது மீன் முதல் மனிதன் வரை அனைத்தையும், தன்னுள் அடக்கும் அளவிற்குப் பெரிய பிரிவாகும். அத்தகைய ஒன்று 1983 வரை மணலில் மறைந்திருந்தது.

வாழ்வு முறை

அலை அடிக்கும்தோறும் புரளும் மணலில் நிலைத்து வாழ்வதற்கு இவை பெற்றுள்ள அமைப்புகள் நுட்பமானவை. உடல் நீண்டு மெலிந்துள்ளது; இடுக்குகளில் நெளிந்து செல்ல அதுவே ஏற்றது. பலவற்றின் உடலில் இருவகைச் சுரப்பிகள் இணையாக அமைந்துள்ளன. ஒன்று பசையைச் சுரந்து விலங்கை மணலோடு ஒட்ட வைக்கிறது; மற்றொன்று அப்பிடியை நெகிழ்த்தும் நீரைச் சுரக்கிறது. ஆதலின் நொடிப்பொழுதில் ஒட்டவும் விடவும் இயலும். இருளில் வாழ்வதால் பலவற்றுக்குக் கண் இல்லை. மேல் எது, கீழ் எது என்பதை உணர்த்தும் உறுப்பு சிலவற்றுக்கு உண்டு.

இவற்றின் இனப்பெருக்கம் குறிப்பிடத்தக்கது. மீனும் இறாலும் இலட்சக்கணக்கில் முட்டைகளை நீரில் விடுகின்றன. இச்சிறு உடலில் அத்தனை முட்டைகளுக்கு இடமில்லை. ஆகவே சில முட்டைகளே இட்டு, அவற்றை மணலோடு ஒட்டியோ தம் உடலில் சுமந்தோ காக்கின்றன. நீரில் மிதந்து நெடுந்தொலைவு செல்லும் இளவுயிர்ப் பருவம் பெரும்பாலானவற்றுக்கு இல்லை. பிறந்த மணலே வளரும் மணலும் ஆகும்.

அங்ஙனமாயின் ஒரே இனம் தொலைவான கரைகளில் காணப்படுவது எவ்வாறு என்னும் வினா எழுகிறது. அலையால் கிளறப்பட்டு நீரோட்டத்தில் செல்லுதல், மிதக்கும் கடற்பாசியைப் பற்றிச் செல்லுதல் எனப் பல விடைகள் கூறப்படுகின்றன. செருமானிய அறிஞர் கெர்லாக் 1977-இல் மற்றொரு வழியையும் சுட்டினார். பண்டை மரக்கலங்களில் நிலைப்பாரமாக ஏற்றி இறக்கப்பட்ட மணலும் இவற்றைச் சுமந்திருக்கலாம் என்றார் அவர். நாகூர், நாகப்பட்டினம், காயல்பட்டினம் ஆகிய துறைகளிலிருந்து இலங்கைக்கும் மலாயாவுக்கும் கலம் செலுத்திய மரக்காயர் வரலாற்றைப் பயில்வோர்க்கு இக்கருத்துச் சுவை தரும்.

தமிழகக் கரையில் நிகழ்ந்த ஆய்வு

இத்துறை மேனாட்டார்க்கே உரியது என்று மாணவர் கருதிவிடலாகாது. சென்னைப் பல்கலைக்கழக விலங்கியல் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ஆர். கோபால ஐயரும் கே. எச். அலிகுஞ்ஞியும், சென்னையின் மணற்கரையிலிருந்து ஒரு புதிய வளைதசைப்புழுவை 1940-இல் விவரித்தனர். இன்று அது ‘பிசியோனிடென்ஸ் இண்டிகா’ என வழங்குகிறது. இந்தியாவின் பெயரைத் தாங்கிய மணற்புழு அது. 1944-இல் சென்னைக் கரையின் தொன்மை வகை வளைதசைப்புழுக்களைப் பற்றியும் அவ்விருவர் எழுதினர். 1948-இல் மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவைச் சார்ந்த அத்தகு புழுக்களை அலிகுஞ்ஞி விவரித்தார். பின்னாளில், 1957-இல், ஹிராலால் சௌத்ரியோடு இணைந்து, இந்தியக் கெண்டை மீன்களை இயக்குநீர் ஊசியால் முட்டையிடச் செய்த புகழ்பெற்ற ஆய்வை வெளியிட்டவரும் இவரே. நாட்டின் மீன்வளர்ப்பிற்கு வித்திட்டோருள் ஒருவர் மணற்புழுக்களின் ஆய்விலும் ஈடுபட்டவர் என்பது மாணவர் நினைவில் கொள்ளத்தக்கது.

1951-இல் எஸ். கிருஷ்ணசாமி, சென்னைக் கரை மணலில் வாழும் துடுப்புக்காலிகளுள் மூன்று புதிய இனங்களை விவரித்தார். வால்டேர்க் கரையில் பி. என். கணபதியும் ஜி. சந்திரசேகர ராவும் 1960-களில் விரிவான ஆய்வுகளை வெளியிட்டனர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் பரங்கிப்பேட்டைக் கடல் உயிரியல் மையமும் கடலடி உயிர்களின் ஆய்வில் பங்களித்துள்ளது.

2004 திசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை நம் கரையைச் சூறையாடியது. மாந்தர்க்கு நேர்ந்த பேரிழப்பை யாவரும் அறிவோம். அவ்வலை கரையின் மணலையும் புரட்டிப்போட்டது. சென்னைப் புதுக்கல்லூரி விலங்கியல் துறையைச் சார்ந்த கே. அல்தாஃபும் அவர்தம் குழுவினரும், மெரினா கடற்கரையின் நுண்விலங்குகளுக்கு அப்பேரலையால் நேர்ந்த தாக்கத்தை ஆராய்ந்து, 2005-இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் வெளியிட்டனர். முஸ்லிம் சமுதாயம் நிறுவிய ஒரு கல்லூரியின் ஆய்வுக்கூடம், நாடே துயருற்றிருந்த வேளையில், எவரும் கணக்கெடுக்காத உயிர்களைக் கணக்கெடுத்தது. நம் கல்லூரிகள் யாவற்றுக்கும் இது நன்முன்மாதிரி.

ஆற்று மணலிலும் ஆழ்கடலிலும்

மணலிடை வாழ்வு கடற்கரைக்கு மட்டும் உரியதன்று. ஆற்று மணலின் உள்ளே ஓடும் நீரிலும் விலங்குகள் உள. ஆச்சாரியா நாகார்ஜுனா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஒய். ரங்கா ரெட்டி, கோதாவரி, கிருஷ்ணா ஆறுகளின் மணலிலும் கிணறுகளிலும் வாழும் கண்ணற்ற, நிறமற்ற நுண்ணிய ஓட்டுடலிகளில் பல புதிய இனங்களை விவரித்துள்ளார். அவற்றுள் ‘பாத்திநெல்லா’ எனப்படும் குலத்தார் தொன்மையான மரபினர். இக்குலத்தின் முதல் விலங்கு 1882-இல் பிராகா நகரின் கிணறொன்றில் கண்டறியப்பட்டது. ஓர் ஆற்றின் மணலை ஆராய்ந்தவர்க்கு இத்தனை புதுமை கிட்டுமாயின், அய்யாற்றின் மணலும் காவிரியின் மணலும் நம் மாணவரின் நுண்ணோக்கியை எதிர்நோக்கிக் கிடக்கின்றன எனலாம்.

ஆழ்கடலடியில் ஒளி இல்லை, பயிர் இல்லை. மேலிருந்து மெல்ல உதிரும் இறந்த உயிர்த் துகள்களே அங்கு உணவு. உணவு குறையக் குறையப் பெரிய விலங்குகள் அருகி, நுண்விலங்குகளின் பங்கு ஓங்குகிறது. அங்கும் உருளைப்புழுக்களே மிகுதி. நடுநிலக்கடலின் அடியில் உயிர்வளியற்ற உப்புக் குழியொன்றில் லோரிசிஃபெரா வாழ்வதாக 2010-இல் இத்தாலிய அறிஞர் அறிவித்தனர். அம்முடிவைப் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு எழுந்தது.

இவற்றால் ஆகும் பயன்

கரைக்கு வந்து சேரும் இலையும் பாசியும் இறந்த உயிரும் பாக்டீரியாக்களால் சிதைகின்றன. நுண்விலங்குகள் அப்பாக்டீரியாக்களை மேய்கின்றன. மேயப்படும் புல்வெளி தளிர்ப்பது போல, மேயப்பட்ட பாக்டீரியாக் கூட்டமும் முனைப்புடன் செயற்படுகிறது. நுண்விலங்குகளின் நெளிவால் மணல் கிளறப்பட்டு உயிர்வளி உட்புகுகிறது. இவ்வாறு கரை முழுவதும் ஒரு மாபெரும் வடிகட்டியாகப் பணிசெய்கிறது. மேலும் இறால் குஞ்சுகளும் பல மீன் குஞ்சுகளும் தம் இளமையில் துடுப்புக்காலிகளை இரையாகக் கொள்கின்றன. நம் தட்டிற்கு வரும் மீனின் முதல் உணவு மணலிலிருந்து வந்திருக்கக்கூடும்.

இடர்ப்பாட்டை அறிவிக்கும் சான்றாகவும் இவை பயன்படுகின்றன. பெயர்ந்து செல்ல இயலாதவை. சில வாரங்களில் ஒரு தலைமுறை முடிவன. ஆதலால் நீர் மாசுற்றால் இவற்றின் சமுதாய அமைப்பு விரைந்து மாறும். துடுப்புக்காலிகள் நலிய, உருளைப்புழுக்கள் பல தாக்குப்பிடிக்கும். இவ்விரண்டின் விகிதத்தையே மாசின் அளவுகோலாகக் கொள்ளலாம் என 1981-இல் பிரித்தானிய அறிஞர் இருவர் முன்மொழிந்தனர். மணலின் தன்மையும் பருவமும் விகிதத்தை மாற்றும் என்பதால், அது மட்டுமே போதாது என்பது பின்வந்தோர் கருத்து.

மணலுக்கு நேரும் இடர்

2017 சனவரியில் எண்ணூருக்கு அருகே இரு கப்பல்கள் மோதிச் சிந்திய எண்ணெய், வடசென்னைக் கரையில் படர்ந்தது. 2023 திசம்பரில் பெருவெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியது. இத்தகைய வேளைகளில் எண்ணெய் படிந்த மீனும் பறவையும் நம் கண்ணில் படுகின்றன. மணலின் இடுக்குகளில் எண்ணெய் புகுந்து மூச்சை அடைத்த உயிர்களை எவரும் காண்பதில்லை.

அள்ளப்படும் மணலோ மற்றொரு துயரம். உலகெங்கும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 5,000 கோடி டன் மணலும் சரளையும் எடுக்கப்படுவதாக ஐக்கிய நாடுகளின் சுற்றுச்சூழல் திட்டம் 2022-இல் வெளியிட்ட அறிக்கை கூறுகிறது. மலையில் ஒரு மணல்மணி உருவாகும் காலத்தோடு இவ்வேகத்தை ஒப்பிட்டால் இதன் கடுமை விளங்கும். அணைகள் மணலைத் தடுக்கின்றன. ஆற்றுப்படுகையில் எஞ்சியதை நாம் அள்ளுகிறோம். மணல் வரத்துக் குறைந்த கரையைக் கடல் அரிக்கிறது. சிறு குவாரிகளுக்கும் சுற்றுச்சூழல் இசைவு வேண்டும் என உச்ச நீதிமன்றம் 2012-இல் ஆணையிட்டது. சட்டம் மணலின் அளவைக் கணக்கிடும். மணலோடு சேர்ந்து வண்டியேறும் குடிகளைக் கணக்கிடுவது கல்வியாளர் கடமை.

தமிழ்த்துறையின் பங்கு

‘இவையெல்லாம் விலங்கியலார்க்கு உரிய செய்திகள், தமிழ்த்துறை மலரில் எதற்கு?’ என்று கேட்போர் இருக்கலாம். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களைப் பெயர் சொல்லி அடுக்கினார். ஒவ்வொன்றையும் வேறுபடுத்திக் கண்ட கண்ணும், அதற்குத் தனிப்பெயர் வழங்கிய மக்களும் இருந்தமையால் அஃது இயன்றது. அம்மரபில் வந்த நம்மிடம், மணலில் வாழும் இருபது தொகுதி விலங்குகளுள் எத்தனைக்குப் பெயர் உள்ளது? உருளைப்புழு, தட்டைப்புழு, துடுப்புக்காலி, நீர்க்கரடி எனச் சிலவே. பிறவற்றை இக்கட்டுரையும் கிரேக்க, இலத்தீன ஒலிகளாலேயே குறித்தது.

பெயரில்லாத ஒன்றைப் பற்றி ஊரார் பேச இயலாது. பேசப்படாத ஒன்றைக் காக்குமாறு எவரும் வழக்காடார். ஆதலின் இவ்வுயிர்களுக்கு எளிய, பொருள் விளங்கும் தமிழ்ப் பெயர்களை அமைத்தல் தமிழ்த்துறையின் பணியாகும். அப்பணியை அகராதியை மட்டும் வைத்துக்கொண்டு செய்ய இயலாது. விலங்கியல் ஆசிரியரோடு அமர்ந்து, உயிரைக் கண்ணால் கண்டு, அதன் நடையையும் வடிவையும் அறிந்து பெயரிடல் வேண்டும். நெய்தல் நில மக்கள் வழங்கும் சொற்களையும், மலைவாழ் மக்கள் வழங்கும் சொற்களையும் தொகுத்துக்கொள்ளல் வேண்டும்.

செயல்முறை அரிதன்று. அலை நனைக்கும் இடத்தில் ஒரு கைப்பிடி ஈர மணலை எடுத்து, வாளியில் இட்டு, நன்னீர் ஊற்றிச் சில மணித்துளிகள் விடுக. உப்பின் அளவு திடீரெனக் குறைவதால் விலங்குகள் தம் பிடியை விட்டுவிடும். பின்னர் நன்கு சுழற்றி, மணல் அடியில் தங்கியவுடன் மேல்நீரை மிக நெருங்கிய வலைத்துணியில் வடிக்க வேண்டும். துணியில் தங்கியதைக் கடல்நீரால் ஒரு தட்டில் கழுவி, கல்லூரி நுண்ணோக்கியில் நோக்கினால் போதும். நெளிவனவும் நடப்பனவும் காட்சி தரும்.

முடிவுரை

கொல்லிமலையின் பாறை உதிர்ந்து மணலாகிறது. ஆறு அதனைச் சுமக்கிறது. கடல் அதனைக் கரையில் பரப்புகிறது. அதனிடையே கோடானுகோடி உயிர்கள் ஓசையின்றி நம் கரையைத் தூய்மை செய்கின்றன. மலை மொட்டையானாலும், ஆறு வறண்டாலும், கரை மாசுற்றாலும் இவற்றின் வீடு சிதைகிறது. இவ்வாண்டு விலங்கியல் துறையும் தமிழ்த்துறையும் இணைந்து, அய்யாற்று மணலிலும் அருகமைந்த கடற்கரை மணலிலும் ஒரு பட்டியலைத் தொடங்குமாயின், அது பத்துப் பெயர்களோடு நின்றாலும் நற்பயனே. அப்பட்டியலின் முதற்பெயரை நம் மாணவர் ஒருவர் எழுதுவாராக.